பூமிநாதனின் வருத்த எண்

நெற்றிப்பட்டையைக் கழற்றிக் கடைப்பெண் ஷமீமாவிடம் கொடுத்துவிட்டுப் பூமிநாதன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். டவுன்ஹால் ரோட்டில் கணினித் திரையும் மேசை நாற்காலியும் விற்கும் 'ஒளிமுற்றம்' கடைக்கு அவன் வருவது அன்றோடு நாற்பத்தேழாவது நாள்.

"இருபத்து மூணுண்ணே," என்றாள் ஷமீமா. "நேத்து இருபத்தஞ்சு. எறங்கிக்கிட்டுத்தான் இருக்கு."

"பத்துக்குக் கீழ வரட்டும்மா. அப்பப் பாப்போம்."

"வரும்ணே, எங்க போயிரப் போகுது?"

காலையிலிருந்து இதே ஆறுதலை எத்தனை பேருக்குச் சொன்னாளோ, குரல் தேய்ந்திருந்தது. பட்டையைத் துடைத்து அடுத்தவர் நெற்றியில் மாட்டினாள். வரிசையில் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள்.

வருத்தமானி வந்து ஆறு வருஷமாகிறது. பட்டையைக் கட்டிக்கொண்டு, வாங்க நினைக்கும் பொருளின் முன்னால் அரைமணி நேரம் புழங்கவேண்டும். நம் மனசு என்ன எதிர்பார்க்கிறது, அந்தப் பொருளால் எவ்வளவு தரமுடியும், இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பள்ளம் என்று அது கணக்குப் போட்டு, அடுத்த ஒரு வருஷத்தில் நாம் படப்போகும் வருத்தத்தை பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். சொன்னது பொய்த்ததில்லை. முப்பதுக்கு மேல் வந்தால் தனியாகக் கையெழுத்து வாங்காமல் விற்கக்கூடாது என்று சட்டமே இருந்தது. பத்துக்குக் கீழே வந்தால்தான் புத்திசாலி வாங்குவான் என்பது சட்டத்தில் இல்லாத சட்டம். விளம்பரங்கள் செத்தன, வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது ஒழிந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள் பூ, பழத்தோடு பட்டையையும் எடுத்துப்போனார்கள். ஒரே ஒரு தொந்தரவுதான். ஒரு மின்விசிறி வாங்க இரண்டு மாதம் ஆயிற்று.

பூமிநாதனுக்கு வேண்டியது கணினிக்கு ஒரு நுண்புள்ளித் திரை. பழைய நீதிமன்ற ஆவணங்களை இயந்திரம் படித்துத் தட்டச்சு செய்யும். அது தடுமாறும் இடங்களை அவன் வீட்டிலிருந்தே பார்த்துத் திருத்துவான். பகல் முழுவதும் எழுத்து. அதற்குக் கூர்மை வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு விளையாட்டு. அதற்கு வேகம் வேண்டும். இரண்டும் ஒரே திரையில் அமைவது மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைப்பது போலத்தான். வளைந்த திரையில் கடற்கரை அழகாக இருந்தது. தீர்ப்பின் வரிகள் ஓரத்தில் குனிந்தன. பளபளத் திரையில் நிறம் அள்ளியது. கூடவே அவனுடைய வழுக்கையும் தெரிந்தது. பதினாறாயிரம் புள்ளி உள்ளதில் எழுத்து கல்லில் வெட்டியது போல நின்றது, மீன் ஓடினால் மட்டும் பின்னாலேயே ஒரு வால் இழுத்தது.

அந்த விளையாட்டின் பெயர் முத்துக்குளி. இரண்டு பேர் ஆடுவது. ஒருவர் கடலுக்குள் குதித்துச் சிப்பி எடுப்பார். மற்றவர் தோணியில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேலே வரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். குமிழி மெலிந்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம், உடனே இழுக்கவேண்டும். நிஜ முத்துக்குளிப்பில் மச்சான்தான் கயிறு பிடிப்பானாம். தங்கச்சி தாலி அறுந்துவிடக்கூடாதே என்று கண்ணிமைக்காமல் நிற்பானாம். இங்கே குதிப்பவள் பூமிநாதனின் மனைவி தனுஜா. கயிறு பிடிப்பவன் பூமிநாதன்.

தனுஜா தூத்துக்குடிக்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கடலுக்கு நடுவில் இருக்கும் காற்றாலை மேடையில் பொறியாளர். இரண்டு வருஷப் பணி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் விடுப்பு. போனில் பேசினால் 'சாப்பிட்டாச்சா', 'மழையா', 'சரி வைக்கவா' என்று மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். விளையாட்டில்தான் இருவரும் சண்டை போட்டார்கள், சிரித்தார்கள், சிப்பியைத் திருடிப்போன சுறாவைச் சேர்ந்து திட்டினார்கள். உண்மையைச் சொன்னால் அவர்களுடைய குடித்தனம் அந்தத் தோணியில்தான் நடந்தது.

சித்திரையில் விளையாட்டுக்காரர்கள் புதுப்பதிப்பு விட்டார்கள். குமிழிகளைக் கடுகளவுக்குச் சிறிதாக்கிவிட்டார்கள். பூமிநாதனின் பழைய திரையில் அவை தெரியவே இல்லை. ஒரே வாரத்தில் தனுஜா மூன்று முறை மூழ்கிச் செத்தாள். அதற்குப் பிறகுதான் அவன் கடைக்கு நடக்கத் தொடங்கினான்.

அன்று ஏழு மணிக்கு அவளே போன் செய்தாள்.

"வாங்கியாச்சா?"

"இருபத்து மூணு."

"நான் நம்பரையா கேட்டேன்? வாங்கியாச்சான்னு கேட்டேன்."

"பத்துக்குக் கீழ வரட்டும் தனு. பதறாத காரியம் சிதறாதும்பாங்க."

"ஏங்க, மூணு தடவ என்னைய முங்கவிட்டுக் கொன்னுட்டீங்க. நாலாவது தடவையும் சாக நான் ரெடி. ஏதோ ஒண்ணத் தூக்கிட்டு வந்து உக்காருங்க."

"அப்புறம் வருஷம் பூரா அதையே பாத்துக்கிட்டு உக்காரணும்ல?"

"அப்ப என்னைய எப்பப் பாப்பீங்க?" என்று சிரித்தாள். "இன்னொண்ணு கேளுங்க. இங்க இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கிறீங்களான்னு கேக்குறாங்க. கையெழுத்துக்கு முந்தி பட்டை கட்டிப் பாத்தாங்க. இருந்தா எம்புட்டு வருத்தப்படுவேன்னு வந்துச்சு தெரியுமா? எழுபத்தொம்பது! ஆபீசரே அரண்டுட்டாரு. மாசக் கடைசில மறுபடி கட்டிப் பாப்போம், அதுவரைக்கும் யோசிங்கன்னாரு. இதுல யோசிக்க என்ன இருக்கு? நான் வந்துர்றேங்க."

எழுபத்தொன்பது! தன்னைப் பிரிந்திருப்பதற்கு ஒருத்தி இவ்வளவு வருத்தப்படுவாளா என்று பூமிநாதன் பூரித்துப்போனான். அவள் வருவதற்குள் நல்ல திரையாக வாங்கிவிடவேண்டும், ஒருநாள்கூட அவளை மூழ்கவிடக்கூடாது என்று நினைத்தபடி மறுநாள் துள்ளிக்கொண்டு கடைக்குப் போனான்.

அதே திரை, அதே நாற்காலி. முப்பத்து நான்கு வந்தது.

"என்னம்மா இது? நேத்து இருபத்து மூணுதான?"

ஷமீமா அவன் முகத்தைப் பார்த்தாள். "சந்தோஷமா வந்திருக்கீங்களாண்ணே?"

"ஏன்?"

"சந்தோஷமா வந்தா ஏறிரும். அசந்துபோய் வந்தா எறங்கும். ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியல, ஆனா கல்லாப்பக்கம் நின்னு பாக்குறேன்ல. விவரமானவங்க எல்லாம் வேலையெல்லாம் முடிச்சு, ஓய்ஞ்சுபோய், ஏழு மணிக்கு மேலதான் வருவாங்க."

அது ஊரறிந்த ரகசியம், பூமிநாதனுக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. ஏழு மணி வரிசையைப் பார்த்தால் புரியும். தோளில் பையும், கண்ணுக்குக் கீழே கருவளையமுமாக, சுவரில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். களைப்புக் குறைவாக இருப்பவர்கள் நான்கு தெரு சுற்றிவிட்டு வருவார்கள். ஒருவர் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். அவருக்கு ஒரு நாற்காலி தேவைப்பட்டது. நாற்காலி வாங்கத்தான் வந்திருந்தார்.

பூமிநாதனும் நேரத்தை மாற்றிக்கொண்டான். வீடிருந்த எல்லீஸ் நகரிலிருந்து பஸ்ஸை விட்டு நடந்தே வந்தான். ஏழு மணிக்குத் தனுஜா கூப்பிட்டால் எடுப்பதில்லை. பேசினால் மனசு கலகலப்பாகிவிடும், எண் ஏறிவிடும். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டான். வீட்டுக்குப் போனால் பேசத் தெம்பிருக்காது. பலன் கைமேல் தெரிந்தது. முப்பத்து நான்கு இருபத்தொன்றாயிற்று. இருபத்தொன்று பதினாறாயிற்று.

பத்து நாள் கழித்து அவளை ஒருவழியாகப் பிடித்தான்.

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்லங்க. இப்ப மெஸ்ஸுல சமைக்கிற அந்தோணியம்மாதான் கயிறு பிடிக்கிறாங்க. கண்ணா அது! ஒரு குமிழி தப்பாது. நேத்து ஒரே முங்குல ஒம்போது முத்து."

"பரவால்லயே."

"ஆமா, நல்லாத்தான் போகுது. நீங்க நிதானமாப் பாத்து வாங்குங்க."

நிதானமாகப் பார்த்து வாங்குங்கள் என்று அவள் சொன்னது இதுவே முதல் தடவை. பூமிநாதனுக்கு நெஞ்சில் சுருக்கென்று ஏதோ தைத்தது; அடுத்த நொடியே, அப்பாடா, இனி அவசரமில்லை என்று ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதலைத்தான் அவன் பிடித்துக்கொண்டான். மறுநாள் எண் பதினொன்று.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் முன்னால் அவள் போன் வந்தபோது பூமிநாதன் வரிசையில் இருந்தான். அன்றைக்கு மட்டும் என்னவோ எடுத்துவிட்டான்.

"வெள்ளிக்கெழம பட்டை கட்டச் சொல்றாங்க. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

"நீ என்ன நினைக்கிற?"

"நான் நினைக்கிறது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. வான்னா வந்துர்றேன்."

முன்னால் நின்றவர் நகர்ந்தார். பூமிநாதனின் முறை. ஷமீமா பட்டையை நீட்டிக்கொண்டு நின்றாள். வா என்ற ஒற்றை எழுத்தைச் சொல்ல எவ்வளவு மூச்சு வேண்டும்? ஆனால் சொன்னால் அதற்குப் பின்னால் எத்தனையோ வரும். அவள் வருவாள், சிரிப்பாள், அவனும் சிரிக்கவேண்டும். ஐம்பத்தெட்டு... இல்லை, எழுபது நாளாகப் பாடுபட்டு இறக்கிய எண் ஒரே நிமிஷத்தில் ஏறிவிடும். கால் வேறு கடுத்தது.

"உன் இஷ்டம் தனு," என்றான். "உனக்கு எது சௌகரியமோ அதச் செய்யி."

"சரிங்க," என்றாள்.

அன்று எண் நான்கு. சட்டப்படியும் புத்திப்படியும் வாங்கியிருக்கலாம். "எடுத்துருங்கண்ணே," என்று ஷமீமாவே சொன்னாள். இவ்வளவு இறங்கியது இன்னும் இறங்காதா என்று பூமிநாதன் வாங்காமல் வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை அது நடந்தது. அரைமணி நேரம் முடிந்ததும் ஷமீமா குனிந்து மேசைமேல் இருந்த எண்காட்டியைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு கடை அதிரக் கத்தினாள்.

"ஜீரோ! அண்ணனுக்கு ஜீரோ!"

வரிசை கலைந்து ஓடிவந்தது. முதலாளி உள்ளேயிருந்து வந்து பூமிநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தக் கடை திறந்ததிலிருந்து ஜீரோ வந்ததே இல்லையாம். லாலா கடையிலிருந்து அல்வா வாங்கிவர ஆள் அனுப்பினார். நாற்காலிக்காரர் பூமிநாதனின் தோளைத் தட்டிக் கண் கலங்கினார். ஆள் அவ்வளவு பொறாமைப்பட்டார்.

பட்டை இன்னும் நெற்றியிலேயே இருந்தது. அரைமணி நேரம் மனசைப் படித்துவிட்டால், பிறகு பார்க்கிற பொருளுக்கெல்லாம் அது உடனுக்குடன் எண் காட்டும். முதலாளி பெட்டி கட்டச் சொன்னார், ஷமீமா திரையை அணைத்தாள். பூமிநாதன் தற்செயலாக எண்ணைப் பார்த்தான். திரை கறுத்துக் கிடந்தது. எண் பூஜ்யத்திலேயே நின்றது.

பக்கத்துத் திரைப் பக்கம் திரும்பினான். வளைந்தது, எழுத்தைக் குனியவைத்தது. பூஜ்யம். அதற்கடுத்தது, வால் இழுக்கும் பதினாறாயிரம் புள்ளி. பூஜ்யம். மூலையில் விரிசல் விட்டுப் பழுதுக்கு வந்திருந்த ஒன்று. பூஜ்யம். கடைசியாகச் சுவரில் தொங்கிய தீயணைப்பு உருளையைப் பார்த்தான். அதை வாங்கினாலும் அவனுக்கு ஒரு வருஷத்துக்கு எந்த வருத்தமும் இல்லை.

"ஷமீமா," என்றான் மெதுவாக. "இது திரையப் பத்தின நம்பரே இல்லையாம்மா?"

ஷமீமா எண்ணைப் பார்த்தாள், உருளையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று.

"வேணும்னு இருந்தாத்தானண்ணே கெடைக்கலன்னு இருக்கும்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "முதலாளிகிட்ட சொல்லிராதீங்க, ஏவாரம் படுத்துரும்," என்று பட்டையை அவிழ்த்தாள்.

பெட்டியோடு வாசலுக்கு வந்து பூமிநாதன் போன் போட்டான். முதல் மணியிலேயே தனுஜா எடுத்தாள்.

"தனு, வாங்கிட்டேன். ஜீரோ வந்துச்சு."

"அப்படியா! நல்லதுங்க," என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டது போலத்தான் இருந்தது. "எனக்கும் இன்னிக்குத்தான் கட்டிப் பாத்தாங்க."

"எம்புட்டு?"

"ஒண்ணு. ஆபீசர் கையெழுத்து வாங்கிட்டாரு. ரெண்டு வருஷம்."

"ஒண்ணா?"

"ஆமாங்க. ஒண்ணே ஒண்ணு."

அவள் குரலில் அழுகை இருக்கிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டான். இல்லை. தன் நெஞ்சில் ஏதாவது வலிக்கிறதா என்று தேடினான். வலிக்கவேண்டிய இடம் எது என்று அவனுக்குத் தெரிந்தது. அங்கே போய் நின்று, வருத்தப்படு, வருத்தப்படு என்று தன்னையே நெருக்கிப் பார்த்தான். கண்ணை இறுக மூடிக்கூடப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. வருத்தமானி பொய் சொல்வதில்லை.

"சாப்பிட்டாச்சா?" என்று கேட்டான்.

"இனிமேத்தாங்க. நீங்க?"

"இங்க அல்வா குடுத்தாங்க."

"சரி, வைக்கவா?" என்றாள். வைத்துவிட்டாள். பூமிநாதன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான். எதிரே ஏழு மணிக்காரர்கள் களைத்துப்போய்க் கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள்.