எலும்பில் இருப்பது

யதுஷா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. தண்ணீர்க் குவளையைப் பார்த்துக் கையை மட்டும் நீட்டினாள்.

"தண்ணின்னு சொல்லு சாமி," என்றாள் சுலக்ஷனா. போன மாதம்வரை தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கப் பேசிய மூன்று வயதுக் குழந்தை, அந்தச் சொல்லை எங்கோ தவறவிட்டது போலத் தாயின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

வயிற்றில் அடுத்த பிள்ளைக்கு ஆறு மாதம். சுலக்ஷனாவுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பின்பக்கம் புருஷன் வினோஜன், ஹட்டன் டவுன் கராஜில் இருந்து கொண்டுவந்த பழைய பேட்டரிகளை உடைத்து, ஈயத்தை இரும்புச் சட்டியில் உருக்கிக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக நடக்கிற வேலை. மலைச்சரிவில் இறங்கிய மூடுபனி அந்தப் புகையை மேலே போகவிடாமல் அமுக்கி, கூரைத் தகரத்திலும் கொடியில் காய்ந்த சட்டைகளிலும் சாம்பல் நிறத்தில் மெல்லப் படியவிட்டுக்கொண்டிருந்தது.

ரொட்டிக்கு மாவு பிசையும்போது ஒரு சத்தம் கேட்டது. பூனை பாத்திரம் நக்குவது போல.

திரும்பினாள். குழந்தை ஜன்னல் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தாள்.

"ச்சீ, துப்பு!" என்று இழுத்தாள். நாக்கு சாம்பல் நிறம். ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த தூசியைச் சுலக்ஷனா விரலில் தொட்டுத் தன் நாக்கில் வைத்தாள். இனித்தது.

ஆஸ்பத்திரியில் தாய், பிள்ளை இருவருக்கும் இரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நர்ஸ் பௌசியா தமிழில் சொன்னாள்.

"ஒடம்புக்கு ஈயத்தப் பாத்தா சுண்ணாம்புச் சத்து மாதிரித்தான் தெரியுமாம். அதுதான்னு நெனச்சு செல்லெல்லாம் உள்ள விட்டுருது. மூளையில ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ற எடத்துல போய் குந்திக்குது. இரத்தத்தச் செவக்க விடாது. புள்ளைக்கு மருந்து குடுக்கலாம். போன பேச்சு முழுக்க வருமான்னு சொல்ல ஏலாது."

"எனக்குங்க மிஸ்? எனக்கு ஒண்ணும் செய்யலையே?"

பௌசியா அவளுடைய வயிற்றைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒங்களுக்கு எலும்புல சேந்திருக்கு. அங்க வருஷக்கணக்கா சும்மா இருக்கும். வயித்துப் புள்ள எலும்பு கட்டச் சுண்ணாம்பு கேக்குமில்ல, அப்ப தாயோட எலும்பு கரைஞ்சு குடுக்கும். இதுவும் சேந்து எறங்கும். பால் குடிங்க, மாத்திரை போடுங்க. கொறையும்."

"நின்னுருமா?"

"கொறையும்."

வினோஜன் அன்றே சட்டியைத் தூக்கிப்போட்டான். அழுதான். பட்டிப்பொல ஊரில் வினோஜனின் அண்ணன் வீரய்யா கட்டிய புதுவீட்டுக்குப் போனார்கள். சுலக்ஷனா தரையைத் துடைத்தாள். துடைத்த தரையை மறுபடியும் துடைத்தாள். குழந்தையின் கைகளைத் தோல் சிவக்கும்வரை கழுவினாள். இந்த வீட்டில் தூசி இல்லை. புகை இல்லை. கதவைத் தாழ்போட்டாள். எதற்கு என்று தெரியவில்லை.

அந்தி. மழை தகரத்தில் இறங்கியது. பால் குடித்தாள். இன்னொரு கோப்பை. அதையும் குடித்தாள்.

கால் எலும்பு குடைந்தது. முழங்காலுக்குக் கீழே. மெல்ல. விடாமல்.

"என்னம்மா செய்யுது?" என்றான் வினோஜன்.

சுலக்ஷனா தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளாலும் தன் முழங்காலைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள், எலும்பில் இருப்பது எதுவும் மேலே வயிற்றுக்கு ஏறிவிடாதபடி. நகம் பதிந்து இரத்தம் கசிந்தது. விடவில்லை.

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. நல்ல பலமாக. வளர்ந்துகொண்டிருந்தது.