எல்லோர் கைகளும் உயர்ந்தால்

ஊருக்குப் போக ஜெனிலா காலையில் பையில் அடுக்கி வைத்த துணிகள் பிற்பகலில் பொது அலமாரிக்குத் திரும்பியிருந்தன. துவைத்து, பிழிந்து, ஈரம் காயாமலே மடித்து வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தாள். சுனைத் தண்ணீரின் சில்லிப்பும் மக்கிய இலைகளின் வாசமும் விரலில் ஒட்டிக்கொண்டன. யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். அங்கே யாரும் பொய் சொல்வதில்லை. அதுதான் நெருடியது.

ஜவ்வாது மலையில் பதினோரு பேர் கூடி வாழும் இடம் அது. துணி, தட்டு, செருப்பு எல்லாம் பொது. எந்த முடிவுக்கும் வட்டமாக உட்கார்ந்து அத்தனை பேரும் இரண்டு கைகளையும் உயர்த்த வேண்டும். ஒருவர் உயர்த்தாவிட்டாலும் யாரும் எழக்கூடாது. விலகிப் போவதற்கும் இதே விதிதான். போன வருடம் கூட இருந்த சேட்டு என்பவன் சொல்லாமல் கிளம்பிவிட, இரண்டு நாள் காடு முழுக்கத் தேடினார்கள். ஆள் மலைக்குக் கீழே கண்ணமங்கலத்தில் பரோட்டா தின்றுகொண்டிருந்தான். அதற்குப் பிறகு அந்த விதியைக் கொண்டுவந்தவளே ஜெனிலாதான். அதனால் அவளால் நழுவிப் போக முடியவில்லை.

விடிந்தால் வேலூரில் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை. மலையடிவாரத்து அமிர்தியில் தம்பி ஜெஸ்வின் இருட்டும்வரை பைக்கோடு காத்திருப்பான்.

நான்கு மணிக்கு வட்டம் கூடியது. கூடத்தின் மண்சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். சாமைக் கஞ்சி அடிப்பிடித்த வாசனையோடு, வாசல் வழியாக மூடுபனி தரையைத் தடவியபடி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"இன்னா ஜெனி, ஆஸ்பத்திரி காபிக்கு நாக்கு ஊறுதா?" என்றாள் அவளுடைய அறைத்தோழி நதியா. எல்லோரும் சிரித்தார்கள். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவந்து இந்த இடத்தைத் தொடங்கிய நவீன்குமார்தான் முதலில் கைகளை உயர்த்தினார்.

"அம்மாவப் பாத்துட்டு வாங்க. இங்க யாரும் புடிச்சி வைக்கலைங்க."

ஒவ்வொருவராக உயர்த்தினார்கள். பத்துப் பேர். இருபது கைகள். ஜெனிலா வாசலைப் பார்த்தாள். இப்போது கிளம்பினால்கூட இருட்டுவதற்குள் அமிர்திக்கு இறங்கிவிடலாம்.

யாரும் எழவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"உங்க கைதாங்க பாக்கி," என்றார் நவீன்குமார்.

உயர்த்திவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். மறுபடி முயன்றாள். தோள் அசைந்தது. முழங்கை அசைந்தது. அதற்குக் கீழே எதுவும் வரவில்லை.

"தூக்க முடியல."

"மனசு வரலனா வரலனு சொல்லேன்," என்றாள் நதியா, அன்பாக. "நாங்க உக்காந்திருக்கோம்."

வெளிச்சம் வாசலைத் தாண்டிப் பின்வாங்கியது. யாரும் கைகளை இறக்கவில்லை. யார் முகத்திலும் சலிப்பில்லை.

அவள் குனிந்து மடியைப் பார்த்தாள்.

அவளுடைய இரண்டு கைகள். அவற்றின் மேல் இன்னும் இரண்டு.

இடுப்பின் இருபுறமும் சுவரிலிருந்து நீண்டு வந்திருந்தன. வெதுவெதுப்பாக. இறுக்கமாக.

ஒரு கட்டைவிரல் மட்டும், ஆறுதல் சொல்வதுபோல், அவள் புறங்கையை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.