கடவுச்சொல் குறிப்பு

'நவம்பர் 18, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். யாரையும் கேட்காமல் ஒரு பெயரை டைப் செய்தேன்.'

எழுதி முடித்ததும் ரெபேக்கா 'சின்ன' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டாள். அது சின்னதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை.

கண்ணமங்கலத்தில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் அவள் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தனியாக ஒரு மெஷினையும் தொட்டதில்லை. இன்று காலைதான் வகுப்பு நடத்தும் இளவழகன் சார் அவளை ஜவ்வாது மலைக்கு அனுப்பிவைத்தார். ஒரு வீட்டில் பழைய லேப்டாப், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிது மாற்ற வேண்டும். அந்த வீட்டுப் பெண் ரம்யாவுக்கு அடுத்த வாரம் ஆன்லைனில் தேர்வு.

மதியம் பஸ் அவளை இறக்கிவிட்டபோது நல்ல வெயில். ரம்யாவின் அம்மா மாதம்மாள் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயா கண்ணு ரிப்பேர்காரி? இஸ்கூல் பொண்ணாட்டம் கீறே." ரெபேக்கா எடுத்து வைத்த திருப்புளியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது இன்னாத்துக்கு? மூக்குத்தி கழட்டவா?"

"இதாலதாம்மா எல்லாத்தையும் கழட்டணும்."

"கழட்டுவ. திரும்ப மாட்டுவியா?"

ரெபேக்காவுக்கும் அதே சந்தேகம்தான். அதனால் ஒரு தாளில் லேப்டாப்பை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்தில் வைத்தாள். லேப்டாப்பின் ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"கீழ வுழுந்துச்சா?"

அருகில் இருந்த ரம்யா, அம்மாவின் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கீபோர்டு மாத்தணும்னு அண்ணன் வண்டில எடுத்துக்கினு போச்சுக்கா. மலை ரோட்டுல ஒரே பனி. வளைவுல..." நசுங்கிய மூலையை விரலால் தடவினாள். "நானும் கூடப் போவ வேண்டியது. வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சிக்கினே இருந்துச்சி. தலவலி, வரலன்னுட்டேன்."

பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

ரெபேக்கா பழைய டிஸ்க்கை எடுத்தாள். புதியதைப் பொருத்தினாள். பென் டிரைவைச் செருகி விண்டோஸ் ஏற்றினாள். எல்லாம் வகுப்பில் சொன்னபடியே நடந்தது. கடைசியில், இந்தக் கம்ப்யூட்டரை யார் பயன்படுத்தப் போகிறார்கள் என்று திரை கேட்டது. மெஷின் யாருடையதோ அவர் பெயரைப் போட வேண்டும் என்பது வகுப்புப் பாடம். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பேனாவால் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. அதை அப்படியே போட்டாள்.

வீரன்.

பாஸ்வேர்டு கேட்ட இடத்தைக் காலியாக விட்டாள்.

திரும்பி வந்த ரம்யா, இடுப்பில் குடத்தோடு திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாதம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் மகளின் முகத்தைப் படித்தாள்.

"இன்னாடி?"

"அண்ணன் பேர போட்டுட்டாங்கம்மா."

மாதம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். அவள் குரல் பாதியாக இறங்கியிருந்தது. "வருசப் படையல் ஆவற வரைக்கும் அந்தப் பேர இந்த வூட்ல சொல்ல மாட்டோம், எழுத மாட்டோம் கண்ணு. கூப்ட்டா வந்துருவாங்க. நீ கூப்ட்டு, உக்கார எடமும் போட்டுக் குடுத்துட்ட."

"எனக்குத் தெரியாதும்மா. இதோ மாத்திடறேன்."

அணைத்துப் போட்டாள். திரை பாஸ்வேர்டு கேட்டது.

பாஸ்வேர்டு போடவே இல்லையே. இல்லை, போட்டோமா? ரெபேக்காவுக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை. வெறுமனே எண்டரைத் தட்டினாள். தவறு என்றது. அதன் கீழே, பாஸ்வேர்டை மறந்தவர்களுக்கு வரும் குறிப்பு ஒன்று வந்தது.

'ரம்யாவுக்குத் தெரியும்.'

அந்த மெஷினில் தமிழ் எழுத்தே ரெபேக்கா ஏற்றியிருக்கவில்லை.

மறுபடி தட்டினாள்.

'ரம்யா எங்கே?'

வெளியே வெயில் போயிருந்தது. கொல்லையிலிருந்து பனி ஏறி வந்து வாசலை மூடிக்கொண்டிருந்தது. ஈர மண் வாசனையோடு பெட்ரோல் வாசனையும் வந்தது. ரெபேக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். இந்த முறை அவள் எதையும் தொடவில்லை.

வரி தானாக மாறியது.

'நேரமாகுது, வா.'

வாசலில் ஹாரன் அடித்தது.

"வண்டி போலீஸ் ஸ்டேஷன்ல இல்ல கெடக்குது," என்றாள் ரம்யா, தனக்குத் தானே சொல்வதுபோல.

மறுபடி ஹாரன். இஞ்சின் சத்தம் இல்லை. ஹாரன் மட்டும்தான்.

ரம்யா குடத்தை இறக்கிவிட்டு வாசலை நோக்கி நகர்ந்தாள். மாதம்மாள் அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ரெபேக்கா ஒயரைப் பிடுங்கினாள். பேட்டரியைக் கழற்றினாள். லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, புது டிஸ்க்கை உருவினாள். தாளில் வைத்திருந்த திருகாணிகள் சிதறி ஓடின.

ஹாரன் நின்றது.

"டிஸ்க்கு, பேட்டரி ரெண்டையும் நான் எடுத்துட்டுப் போயிடறேம்மா. ரம்யாவையும் கூட அனுப்புங்க. எங்க வூட்ல இருக்கட்டும்."

"பொழுது சாயற நேரத்துல இவள வாசல் தாண்ட விடமாட்டேன். நீ கௌம்பு. இதான் கடைசி பஸ்சு."

ரெபேக்கா இரண்டையும் பையில் போட்டுக்கொண்டாள். கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்து டைரியில் அந்த வரிகளை எழுதிய பிறகுதான் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தாள். அதில் எதுவும் இல்லை. விண்டோஸ் இல்லை, பெயர் இல்லை. பெட்டியைப் பிரித்தபோது இருந்ததுபோல் வெறுமையாக இருந்தது.

அப்படியானால் மலையிலிருந்து அவள் எதை எடுத்து வந்தாள்?

போன் அடித்தது. ரம்யா.

"அக்கா, தொறந்துடுச்சி."

"இன்னா தொறந்துச்சி?"

"லேப்டாப்பு. பாஸ்வேர்டு எனக்குத் தெரிஞ்சதுதான். போட்டேன், தொறந்துடுச்சி."

"ரம்யா, அதுல பேட்டரி இல்ல. டிஸ்க்கும் எங்கிட்ட கீது. அம்மா எங்க?"

"அம்மா தூங்குது."

அவள் குரல் சந்தோஷமாக இருந்தது. அதன் பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது.

"ரம்யா, நீ எங்க இருக்க?"

"சரியா கேக்கலக்கா. பின்னால உக்காந்துக்கினு பேசறேன். கெட்டியா புடிச்சிக்கச் சொல்லுது."

தொடர்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள், மணி அடிக்கவில்லை. மாதம்மாளின் நம்பரும் கிடைக்கவில்லை. இளவழகன் சாரைக் கூப்பிட்டாள். "இப்ப மலைக்கு ஏதும்மா பஸ்? இந்தப் பனியில எவன் வண்டி எடுப்பான்? விடியட்டும்," என்றார் அவர்.

ரெபேக்கா இரண்டு நம்பரையும் மீண்டும் மீண்டும் அழைத்துப் பார்த்தாள். பிறகு, வேறு எதுவும் செய்ய முடியாததால், டைரியை எடுத்து எப்போதும்போல் மறுநாள் வேலையை எழுதினாள்.

'நாளை: முதல் பஸ்ஸில் அடிவாரம். அங்கிருந்து மலைச் சாலையில் நடந்தே ஏற வேண்டும். ஒவ்வொரு வளைவாகப் பார்க்க வேண்டும்.'