முதலில் வெள்ளீயம்

கம்ப்ரசரை நிறுத்திய பிறகும் அந்தச் சீறல் நிற்கவில்லை.

மலர்கொடி சுவிட்சை மறுபடி பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய அந்தச் சின்னப் பட்டறையில், பழுப்பு நிலக்கரித் தூசு படிந்த ஜன்னல் வழியே சாயங்கால வெளிச்சம் கலங்கலாக வந்துகொண்டிருக்க, ஸ்பிரே அறைக்குள்ளிருந்து யாரோ முறத்தில் மணலைத் தேய்ப்பதுபோல மெதுவாக, விடாமல் கேட்டது. உள்ளே இருந்தது அவள் கணவன் சிங்காரவேல். ஸ்பிரே முனையைத் துடைக்கப் போயிருந்தான். உள்ளே போகிறவர் மிஷின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவது பட்டறை வழக்கம். வெளியே இருப்பவர் தவறிக்கூட ஓடவிட முடியாது.

"என்னங்க, காத்து லீக் ஆவுது. வெளிய வந்துடுங்க."

"கோல்டு ஸ்பிரேதானடி. ஜில்லுனு இருக்குது, ஏசி கணக்கா. தொடச்சிகினு வர்றேன்."

பெயர்தான் கோல்டு. உலோகத் தூளை உருக்குவதில்லை என்பதால் வந்த பெயர். சூடேற்றிய காற்று அதைத் துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் எறியும்; மோதிய இடத்தில் தூள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். ஜில்லென்று இருக்க வழியே இல்லை.

பூச்சுக்கு வரும் பிளாஸ்டிக் விசிறி இறக்கைகளில் தாமிரத்தை நேராக அடித்தால் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். அதனால் முதலில் மெத்தைபோல மிருதுவான வெள்ளீயம். அது பிடித்த பிறகுதான் தாமிரம். முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் இதைச் சொல்லித் தருவாள்.

கதவிலிருந்த கண்ணாடி வழியே பார்த்தாள். அவன் கழுத்து வெளுத்திருந்தது.

தூசாக இருக்கும்.

அவன் திரும்பினான். கழுத்து பளபளத்தது.

கதவை இழுத்தாள். உள்தாழ்ப்பாள்.

"வெளையாடாதீங்க. தொறங்க."

சீறல் சட்டென்று கனத்தது. அந்த மாற்றம் அவளுக்குத் தெரியும். தாமிரத் தூள்.

"என்னங்க. தொறங்க."

தாழ்ப்பாள் விலகியது. வாசலில் நின்றான். முகத்தை மூடிய ஒளிபுகும் பிளாஸ்டிக் கவசம் முழுக்கச் செம்பாக மின்னியது. பிளாஸ்டிக்கில்தான் படிந்திருக்கிறது. கவசத்தில்தான். கழற்றி எறிந்துவிடலாம். நகத்தால் சுரண்டினாள்.

நகம் வழுக்கியது. அதன் மேல் எதுவும் படிந்திருக்கவில்லை. கவசம் பளிங்குபோலச் சுத்தமாக இருந்தது.

தூக்கினாள்.

மூக்கையும் உதட்டையும் மூடி வழவழவென்று செம்பு. கண்கள் இருந்த இடத்தில் அது மெல்ல மடங்கி, விரிந்தது. மறுபடியும் மடங்கியது.