டிஷ்யூ பொட்டலம் வைத்த நாற்காலி

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கிளினிக்குக்கு என் கணவர் ரகுபதியைக் கூட்டிக்கொண்டு போனபோது மழை பிடித்துக்கொண்டது. காலையிலிருந்தே நெஞ்சு கனக்கிறதாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட விடவில்லை.

"வாயு, வைதேகி. வேற ஒண்ணுமில்ல," என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

உள்ளே ஒரே கூட்டம். திரையில் எண் நகருவேனா என்று நின்றது. முகப்பு மேசையிலிருந்த அமீரா என்ற பெண்ணிடம் போய்ப் போய்க் கேட்டேன். கொஞ்சம் வெயிட் பண்ணுங்க லா என்று இழுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதன்மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம். உணவங்காடியில் அப்படி வைத்து இடம் பிடித்துவிட்டுப் போனால் யாரும் தொடமாட்டோம். இங்கேயும் யாரும் தொடவில்லை. மனுஷன் நிற்கிறார், பொட்டலத்துக்கு நாற்காலி கேட்கிறதா என்று அதை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு அவரை உட்காரவைத்தேன்.

பொட்டலம் சில்லென்று ஈரமாக இருந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அசந்துவிட்டார், நல்லதுதான் என்று நினைத்தேன். அப்போது கோடாலித் தைல வாடை வந்தது. பக்கத்தில் நூல் சேலை கட்டிய வயதான அம்மா ஒருவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்றே தெரியவில்லை.

"அது எங்க வீட்டுக்காரருக்குப் புடிச்சு வெச்ச எடம்மா."

அவர் வரட்டும், எழுப்பிவிடுகிறேன் என்று வெடுக்கென்று சொன்னேன். அந்த அம்மா கோபப்படவில்லை. என் கணவர் முகத்தையே பார்த்தார்.

"அவரும் இப்படித்தான் தூங்கினாரு. நம்பர் வரட்டும்னு நான் எழுப்பல."

சொன்னபோது அந்த அம்மாவின் உதடு அசையவில்லை.

நான் சட்டென்று கணவரின் கையைத் தொட்டேன்.

தலை சரிந்தது.

நான் போட்ட கூச்சலில் டாக்டரே ஓடிவந்தார். தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்று பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள்.

மறுநாள், நாங்கள் மறந்துவிட்டு வந்த பையை அமீரா மருத்துவமனைக்கே கொண்டுவந்தாள். லிப்ட் வாசலில் வாங்கிக்கொண்டு, அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது. செம்பவாங்கிலிருந்து வருவாராம், பாப்பாத்தியம்மா. அந்த நாற்காலியில் காத்திருந்தபோதே அவருடைய கணவர் இறந்துபோய்விட்டார். முறை வந்தபோதுதான் எழுப்பிப் பார்த்திருக்கிறார்.

"கொஞ்ச நாள்ல அவங்களும் போயிட்டாங்க, ஆன்ட்டி. அந்தப் பாக்கெட்டை டெய்லி எடுத்துப் போடுறோம். காலையில திரும்ப இருக்கும்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் போட்டதுபோல ஒரு சத்தம் போடத் தெரியாத மனுஷி. பொறுமையாக இருந்ததற்கா இந்தத் தண்டனை?

கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பினேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். உட்காரப் போனேன்.

கட்டிலோர நாற்காலியில் டிஷ்யூ பொட்டலம்.

தைல வாடை.

இந்த முறை நான் அதைத் தொடவில்லை. பதறிப்போய் அவரைத் தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, அந்த நாற்காலியைப் பார்த்தார்.

"நம்பர் வந்துருச்சா, பாப்பாத்தி?" என்றார்.