முதல் தடவை மட்டும்

கெஸியா வந்தபோது அவள் துப்பட்டாவில் வெற்றிலை எச்சில் காய்ந்திருந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

"மேகமூலை எஸ்டேட் பொம்பளைங்க துப்பினது. நான் அவங்களைக் காட்டிக்குடுத்துட்டேனாம்."

இசக்கியம்மா நாற்காலியைக் காட்டினாள். கணினிக் குற்றங்களைத் துப்புத் துலக்குவது அவள் தொழில். பேசாமல் இருப்பது அவள் வழக்கம். அவளுக்கும் சேர்த்துப் பேச சில்வஸ்டர் இருந்தார். குன்னூர் தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த வழக்கையும் முதல் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடத் துடிப்பவர்.

கெஸியா பெண்களுக்கான சட்ட உதவிக் குழுவில் வேலை செய்கிறாள். எஸ்டேட் சூப்பர்வைசர் பெண்களிடம் அத்துமீறுவது பற்றி ஏழு பெண்கள் புகார் கொடுத்திருந்தார்கள். பெயர் வெளியே போகாது என்று சத்தியம் செய்து வாங்கிய புகார். திங்கட்கிழமை பட்டியலைத் தட்டச்சு செய்தாள். செவ்வாய்க் காலை அது எஸ்டேட் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. அன்று மாலையே மூன்று பேரின் சாமான்கள் மழையில் கிடந்தன.

"நாளைக்குக் குழு கூடுது. என்னைப் போலீஸ்ல குடுக்கப் போறாங்க."

பலகையில் ஒட்டியிருந்த தாளின் படத்தை இசக்கியம்மா வாங்கிப் பார்த்தாள். மருதாம்பாள், காம்பரா ஏழு. அடுத்த இரண்டு பெயர்கள், காம்பரா பதினொன்று, பன்னிரண்டு. நான்காவது வரியில் 'கனகம' என்ற எழுத்துகளோடு பட்டியல் நின்றுபோயிருந்தது.

"காம்பரான்னா என்னம்மா?" என்றார் சில்வஸ்டர்.

"லைன் வீட்டு ரூம்தான் சார். பந்தலூர்ல எங்க ஆளுங்க சொல்றது, சிலோன்ல இருந்து கூடவே வந்த வார்த்தை. குன்னூர்ப் பக்கம் யாரும் சொல்றதில்ல. அதனால நானேதான் எழுதி ஒட்டினேங்கறாங்க."

"நியாயம்தானே?" என்று சில்வஸ்டர் வாய்விட்டுச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பழக்கத்துல அப்படித்தான் அடிச்சேன். கனகமணி பேர்ல இருக்கும்போது ஞாபகம் வந்துச்சு. மேல போய் மூணையும் 'வீடு'ன்னு மாத்திட்டு, மிச்சத்தை அடிச்சு சேவ் பண்ணினேன். ஃபைல்ல காம்பரா கிடையாது."

"மாத்துறதுக்கு முன்னாடி சேவ் பண்ணினீங்களா?"

"இல்லைங்க. தானா சேவ் ஆகறதையும் நிறுத்தித்தான் வெச்சிருக்கேன்."

சில்வஸ்டர் மூன்று முறை வாயைத் திறந்து மூடினார்.

"அந்தக் கம்ப்யூட்டர் எங்கே?" என்றாள் இசக்கியம்மா கடைசியில்.

"தனிக் கம்ப்யூட்டர் இல்லைங்க. பழைய தேயிலை ஃபேக்டரி ஒண்ணுல சர்வர் வாடகைக்கு விடறாங்க. ஒரே மெஷினை மென்பொருளால தடுத்துத் தடுத்து, ஒவ்வொரு தடுப்பும் தனிக் கம்ப்யூட்டர் மாதிரி வேலை செய்யும். மெய்நிகர் கணினி."

"லைன் வீடு மாதிரி. ஒரே கூரை, நடுவுல சுவர்."

"ஆமாங்க."

இசக்கியம்மா ஒரு தாளில் ஒரு பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்தாள். "ஆபீசுக்குப் போய் இதைப் பட்டியலுக்குக் கீழே அடிங்க. ஒரு மணி நேரம் திரையிலேயே இருக்கட்டும். சேவ் பண்ணாம அழிச்சிட்டு ஃபேக்டரிக்கு வாங்க. மருதாம்பாளையும் நான் வரச் சொல்றேன். கனகமணிகிட்ட சில்வஸ்டர் நம்பரைக் குடுத்து வெக்கறேன்."

பதினோரு மணிக்கு ஃபேக்டரி வாசலில் காவலாளி எல்லப்பன் இசக்கியம்மாவையும் சில்வஸ்டரையும் நிறுத்தினார். புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு, இரண்டு கையெழுத்தும் வாங்கிய பிறகே கதவு திறந்தது.

முதலாளி பாலசுப்பிரமணியம் எழுந்திருக்கவில்லை. "பொம்பளைங்க சண்டைக்கு என்ற மெஷின் என்னுங்க பண்ணும்? சீக்கிரம் பாத்துட்டுக் கெளம்புங்க."

அவருக்கு எதிரே ஒருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மேகமூலை எஸ்டேட்டின் கணினி அலுவலர் சந்துரு. எஸ்டேட்டும் அதே இயந்திரத்தில் ஒரு தடுப்பறைக்கு வாடகைக்காரர்.

"சூப்பர்வைசருக்கு வேண்டிய ஆளுன்னு என்னையச் சந்தேகப்படுவீங்கன்னு தெரியும்," என்றான் சந்துரு. "இதுக்கு முன்னாடி ஒரே தடவை, ஜூன்ல வந்திருக்கேன். வாசல்ல ரிஜிஸ்டர் இருக்குதுங்க. பெரியவரே, கண்ணு தெரியுமல்லோ? போய்ப் பாருங்க."

சில்வஸ்டர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஜூன் நான்காம் தேதி ஒரு கையெழுத்து. அதன் பிறகு எந்தப் பக்கத்திலும் சந்துரு இல்லை.

பாலசுப்பிரமணியம் திரையைத் திருப்பிக் காட்டினார். "மெஷினுக்குள்ளயும் ஒரு ரிஜிஸ்டர் இருக்குதுங்க, பிராசசர்லயே. ஒரு அறையோட ரகசியத்தை அடுத்த அறை மோப்பம் புடிக்காம காவல் வெக்கற சுவிட்ச்சுன்னு வெச்சுக்குங்க. அதை எவன் தொடறதா இருந்தாலும் மேல இருக்கற என்ற மென்பொருளைக் கேட்டுத்தான் தொடோணும். கேட்டாப் பதிவாகும். பாருங்க, உங்க குழு மெஷின் நானூத்திப் பன்னெண்டு தடவ கேட்டிருக்குது."

"எங்களுது?" என்றான் சந்துரு சிரித்துக்கொண்டே.

"ஒண்ணே ஒண்ணு. ஜூன் நாலு."

"நானூத்திப் பன்னெண்டு!" சில்வஸ்டர் குரல் தாழ்ந்தது. "அப்போ அந்தப் பொண்ணோட மெஷின்தான்மா…"

எல்லப்பன் தேநீர் கொண்டுவந்தார். வந்தவர்கள் இருவரிடமும், "சீனி போடலாமுங்களா?" என்று கேட்டார். தனியே மூடி வைத்திருந்த கிளாஸை எடுத்து, எதுவும் கேட்காமல் சந்துருவின் முன்னால் வைத்தார். சந்துரு குடித்தான்.

கெஸியா வந்து சுவரோரம் நின்றாள். அவள் பின்னால் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மருதாம்பாள். வைத்துவிட்டு வர அவளுக்கு ஓர் இடமில்லை.

"இவ நிக்கற ரூம்புல நான் நிக்கமாட்டேன்," என்றாள் மருதாம்பாள்.

"நின்னுதான் ஆகணும்," என்றாள் இசக்கியம்மா. பிறகு கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டே கால். பன்னிரண்டரை.

"மேடம் தூங்கிட்டாங்களாட்ட இருக்குது," என்றான் சந்துரு.

சில்வஸ்டரின் கைபேசி அடித்தது. கேட்டவர் முகம் மாறியது. "லைன்ல இருந்து கனகமணி. சூப்பர்வைசர் நாற்பதாம் நம்பர் எங்கே, ஐவி எங்கேன்னு ஒவ்வொரு கதவா உதைக்கிறானாம். லைன்ல இருக்கறதே இருபத்திநாலு வீடுதானாம்."

"ஐவி, காம்பரா நாற்பது," என்றாள் இசக்கியம்மா. "இன்னைக்குக் காலையில நான் பெத்த பேர். கெஸியாவை அடிக்க வெச்சு, சேவ் பண்ணாம அழிக்கச் சொன்னேன். ஃபைல்ல அது இல்ல. ஒரு மணி நேரம் மெஷினோட நினைவகத்துல மட்டும்தான் இருந்தது."

சந்துரு கிளாஸைக் கீழே வைத்தான்.

"பலகையில ஒட்டினதும் அப்படித்தான். காட்டிக்குடுக்கறவ பாதிப் பேரோட ஏன் நிறுத்தணும்? ஏழு பேரையும் குடுக்கலாமே. மூணு காம்பரா, ஒரு அரைகுறைப் பேர். இவ திருத்தறதுக்கு முந்தின நிமிஷத்துல நினைவகம் எப்படி இருந்துச்சோ அப்படியே சுவர் தாண்டிப் போயிருக்கு. அப்போ காவல் அணைஞ்சிருக்கணும்."

"நானூத்திப் பன்னெண்டு தடவை தொட்டது அவங்க மெஷின்," என்றான் சந்துரு.

"கேட்டுக் கேட்டுத் தொட்டது. தன் காவலைப் போட்டு வெச்சுக்க மெஷின் தானாவே கேக்கும். கேக்குற வரைக்கும்தான் பதிவாகும். உங்க மெஷின் ஜூன்ல ஒரு தடவை கேட்டுது. அப்புறம் ஏன் கேக்கல?" அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "எல்லப்பன், இன்னைக்குப் பக்கத்துல எத்தனை கையெழுத்து?"

"நீங்க ரெண்டு பேரு, இந்தம்மாங்க ரெண்டு பேருங்க."

"எதிர்ல உக்காந்திருக்கறவர்?"

எல்லப்பன் முதலாளியைப் பார்த்தார். "அவுரு வாராவாரம் வர்றவருங்க. மொதத் தடவ மட்டும் எழுதுனேன். தெரிஞ்ச மூஞ்சிதானே, நேரா உள்ள வுடுன்னு அய்யாதான் சொன்னாரு."

"சீனி கூட வேண்டாம்னு தெரியும் உங்களுக்கு."

சில்வஸ்டர் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். பாலசுப்பிரமணியத்தின் குரல் இறங்கிவிட்டது. "ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டு இருந்தா மெதுவா ஓடுதுன்னாருங்க. தெரிஞ்ச ஆளாச்சேன்னு… ரிஜிஸ்டரை அவுங்களே நேரடியாத் தொட்டுக்கற மாதிரி தெறந்துவுட்டேன்."

"திறந்துவிடலாம். ஆனா அந்த அறை தன் முறை முடிஞ்சு வெளியே வர்றப்ப எல்லாம் சுவிட்சைப் பழையபடி போட்டு வைக்கறது உங்க வேலை. நீங்க பாக்கல. இவர் அணைச்ச காவல் பக்கத்து அறைக்கும் அணைஞ்சே கிடந்தது. வாசலுக்கும் பிராசசருக்கும் நீங்க ஒரே சட்டம்தான் வெச்சிருக்கீங்க."

சந்துரு எழுந்தான். "இல்லாத ஒரு ரூம்பு, ஒரு வார்த்தை. இதைக் கோர்ட்டுல காட்டுவீங்களா?"

"உங்க மெஷினை அப்படியே நகல் எடுத்தாச்சு, முதலாளி சம்மதத்தோட," என்றாள் இசக்கியம்மா, இன்னும் எடுக்காமலேயே. பாலசுப்பிரமணியம் அப்போதுதான் சம்மதித்துத் தலையாட்டினார். "எடுங்க சில்வஸ்டர்."

வாசலில் எல்லப்பன் ரிஜிஸ்டரை விரித்து சந்துருவை மறித்தார். "கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. போலீஸ் வந்தாக் கேக்குமுங்க."

கெஸியா துப்பட்டாவின் கறை இருந்த பக்கத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். மருதாம்பாளும் அதைத்தான் பார்த்தாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. குனிந்து தகரப் பெட்டியின் ஒரு காதைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் புடி."

"எங்கே?"

"எங்கேயா? ஏழாம் நம்பர் ஊட்டுக்குத்தான். எவன் தடுக்கறான்னு பாக்கலாம். உங்க பாசையில என்ன அது… காம்பரா."

கெஸியா மறு காதைப் பிடித்துத் தூக்கினாள்.