பத்தாவது ஆள்

பிற்பகல் மூன்றரை மணிக்கு, கையில் அட்டையும் அறுபது படிவங்களுமாகச் சுரங்கப்பாதையின் படிகளில் இறங்கினேன். பேருந்து நிலையத்தையும் கடைவீதியையும் தரைக்கு அடியில் இணைக்கிற பாதை அது. மேலே நல்ல வெயில். இருபத்தேழு படி இறங்குவதற்குள் வெயில் நின்றுபோய், ஈரச் சிமெண்டும் மூத்திரமும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. குழல்விளக்குகள் ஒன்று விட்டு ஒன்று செத்துக் கிடந்தன. மேலே பேருந்து போகும்போதெல்லாம் கூரை லேசாக உறுமியது.

என் வேலை மக்களிடம் ஒரு கேள்வி கேட்பது. நகர மையத்தில் நீங்கள் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள்? ஒன்று என்றால் ரொம்பப் பயமாக இருக்கிறது. ஐந்து என்றால் பயமே இல்லை. நகர நிர்வாகத்துக்காக ஆண்டுதோறும் ஒரு நிறுவனம் இந்தக் கணக்கை எடுத்துக் கொடுக்கிறது. அதில் நான் தெருவில் நிற்கிறவள். சிரித்த முகமாகப் பார்த்துப் பிடித்துக் கேட்டால் கணக்கு கெட்டுவிடும் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கடந்து போகிறவர்களை எண்ண வேண்டும். ஒன்பது பேரை விட்டுவிட்டுப் பத்தாவது ஆளை நிறுத்த வேண்டும். அவன் குடிகாரனாக இருந்தாலும் சரி, பேருந்துக்கு ஓடுகிறவளாக இருந்தாலும் சரி.

எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் சதவீதம். நல்லா இருக்கீங்களா சார் என்றால்கூட, "எண்பது சதவீதம்மா" என்பார். அன்று காலை என்னைக் கூப்பிட்டு, "சுரங்கப்பாதைக்கு நீங்களே போயிடுங்க. போன வருஷம் உங்களுக்குத்தான் அங்க நல்லா வந்துச்சு" என்றார்.

சரி சார் என்று படிவங்களை வாங்கிக்கொண்டேன்.

உண்மையில் போன வருஷம் நான் இந்தப் படிகளில் இறங்கவே இல்லை. நாற்றமும் இருட்டும் பிடிக்காமல் எதிரே இருந்த காபிக்கடையில் உட்கார்ந்து, முப்பது படிவங்களையும் என் கையாலேயே நிரப்பினேன். பேனாவை மாற்றி மாற்றி எழுதினேன். எல்லாவற்றிலும் நாலு அல்லது ஐந்து. எங்கள் தொழிலில் இது நடக்காத காரியமில்லை. குறைந்த எண்ணைப் போட்டால் மறுபடி போய் ஏன் என்று விசாரித்து வரச் சொல்வார்கள். நல்ல எண்ணைப் போட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதற்காகத்தான் போட்டேன், வேறு காரணமே இல்லை.

அறிக்கையில் சுரங்கப்பாதை முதலிடம் பிடித்தது. மக்கள் பயப்படாத இடத்தில் காவல் எதற்கு என்று அங்கே நின்ற இரண்டு காவலாளிகளையும் கடைவீதி வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். ஏழாவது வாரம், மாலை ஆறேகால் மணிக்கு, துணிக்கடையில் பில் போடுகிற ஒரு பெண்ணை எவனோ தோள்பைக்காக இரும்புக் குழாயால் அடித்தே கொன்றான். பதினான்கு அடி என்று செய்தித்தாளில் போட்டிருந்தது. அந்த நேரத்தில் தலைக்கு மேலே ஊரே நடந்துகொண்டிருந்தது. இன்றுவரை ஆள் சிக்கவில்லை. செய்தியைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். தாராளமாக மறைக்கலாம், யாரும் தட்டைக் கிளறாவிட்டால் போதும்.

எனக்கென்று இருப்பது ஒரே ஒரு தங்கை. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். தினமும் ஆறு மணிக்குக் கிளம்பி இந்த வழியாகத்தான் பேருந்துக்கு வருவாள். மேலேயே சுற்றி வா என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன்.

"என்னிக்கோ ஒரு நாள் நடந்ததுக்காக தினமும் அரை மணி நேரம் சுத்த முடியுமாக்கா? நீ எடுத்த சர்வேயிலதானே பாதுகாப்பான இடம்னு வந்துச்சு" என்று சிரிப்பாள்.

நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

சுவரோரமாக நின்று எண்ண ஆரம்பித்தேன். எட்டு. ஒன்பது. பத்து.

பத்தாவதாக வந்தது ஒரு பெண். முப்பது வயதிருக்கும். தோள்பையின் வார் ஒரு பக்கம் அறுந்து தொங்கியது.

"ஒரு நிமிஷம்ங்க, சின்ன சர்வே. இந்த வழியா அடிக்கடி வருவீங்களா?"

"தினமும்."

"இங்க எவ்வளவு பாதுகாப்பா உணர்றீங்க? ஒன்னுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"அஞ்சு."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. குறித்துவிட்டு நிமிர்ந்தபோது போய்விட்டிருந்தாள். வேலை சுலபமாக முடிகிறதே என்று எனக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

மறுபடி எண்ணினேன். பத்தாவது ஆளை மறித்து அட்டையிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தேன்.

அதே பெண்.

கீழுதடு இரண்டாகப் பிளந்து முகவாய் வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயையோ, யாராவது அடிச்சாங்களா? உக்காருங்க" என்றேன்.

"அஞ்சு. எழுதிக்கங்க" என்றாள்.

என் கை எழுதியது. ஏன் எழுதினேன் என்று தெரியாது. அவள் என் பக்கத்தில் நின்ற அந்த நேரத்தில் சுற்றிலும் சூடான ரத்த வாடை அடித்தது. நகர்ந்ததும் பழைய மூத்திர வாடை வந்துவிட்டது.

மூன்றாவது முறை ஏமாற்றப் பார்த்தேன். ஒன்பதாவதாக வந்த குடைக்காரரையே மறித்துக் கேள்வியை ஆரம்பித்தேன். அவர் நிற்கக்கூட இல்லை. "எனக்கு நேரமில்லம்மா, பின்னாடி வர்றவங்களைக் கேளுங்க" என்று விலகினார்.

அவருக்குப் பின்னால் அவள்தான் வந்தாள். இடது கன்னம் உள்ளே போயிருந்தது. அந்தப் பக்கத்துக் கண் மூடியிருக்கவில்லை, கண்ணே இல்லை. தாடை கழன்று தொங்கியதால் அவளால் பேச முடியவில்லை. வலது கையை என் முகத்துக்கு நேரே தூக்கி ஐந்து விரல்களைக் காட்டினாள். சுண்டுவிரல் பின்பக்கமாக ஒடிந்திருந்தது.

அட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

படியில் கால் வைத்த பிறகுதான் மணியைப் பார்த்தேன். ஆறு கடந்து பத்து நிமிஷம். மூன்று முறை ஆளை நிறுத்த இரண்டரை மணி நேரம் எப்படிப் போனது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. தங்கை இந்நேரம் எதிர்ப்பக்கத்துப் படியில் இறங்கிக்கொண்டிருப்பாள். கைப்பேசியில் சிக்னல் இல்லை. நான் மேலே ஏறினால் அவள் தனியாக உள்ளே வருவாள்.

திரும்பி உள்ளேயே ஓடினேன். ஆட்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். பதினோரு வருஷம் எண்ணிப் பழகிய மூளை, நிறுத்து என்றால் நிற்குமா?

ஆறு.

ஏழு.

எண்ணாதே என்று வாய்விட்டே சொன்னேன். எட்டு. பையை முதுகில் மாட்டிய ஒருவர் கடந்தார். ஒன்பது.

அவருக்குப் பின்னால், கடைசிப் படியிலிருந்து என் தங்கை இறங்கினாள். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

பத்து.

ஈரத்துணியைக் கல்லில் அறைகிற மாதிரி ஒரு சத்தம். தங்கையின் முகம் சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பியது. அடித்த கை தெரியவில்லை. அவளுக்கு அருகில் யாருமே இல்லை. இரண்டாவது அடியில் தோளெலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. சுவரில் மோதிச் சரிந்தாள். மூன்றாவது விலாவில் விழுந்தது. அவள் வாயிலிருந்து வந்த ரத்தம் என் செருப்புவரை தெறித்தது. ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவர் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே காலை அகட்டி அவளைத் தாண்டிப் போனார்.

அவள்மேல் விழுந்து மூடிக்கொண்டேன். அடுத்த அடி என் வலது முன்கையில் இறங்கியது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்தேன்.

காதுக்கு அருகில் ஏற்ற இறக்கமில்லாத அந்தப் பெண்ணின் குரல்.

"இங்க எவ்வளவு பாதுகாப்பா உணர்றீங்க?"

"ஒன்னு" என்றேன்.

முதுகில் ஒரு அடி.

"ஒன்னுகூட இல்ல. ஒன்னுமே இல்ல."

"அப்ப அஞ்சுன்னு எழுதினது யாரு?"

"நான்தான். முப்பதும் நான்தான் எழுதினேன். அவள விட்டுடும்மா, அவளுக்கு எதுவும் தெரியாது."

"யார்கிட்ட சொல்லுவீங்க?"

"எல்லார்கிட்டயும். ஆபீஸ்ல சொல்றேன், போலீஸ்ல சொல்றேன். சத்தியமா சொல்றேன்."

அடி நின்றது. அதன் பிறகுதான் யாரோ ஒருவர் ஓடி வந்து, "என்னங்க ஆச்சு" என்று கேட்டார்.

தங்கைக்கு மூன்று விலா எலும்பும், தோளெலும்பும், தாடையும் உடைந்திருந்தன. நாலாம் நாள் சதவீதம் மருத்துவமனைக்கு வந்தார். "சார், போன வருஷம் அந்தப் படிவங்கள்…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றார் மெதுவாக. "பேனாவைத்தான் மாத்தினீங்க, கையெழுத்தை மாத்தல. முப்பதுலயும் ஒரே கை. நான் பேசாம விட்டுட்டேன்." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "இப்ப வெளிய சொன்னா போலி ஆவணம்னு உங்களை உள்ள தள்ளிடுவாங்க. நானும் கூட வரணும். இந்தப் பொண்ணை யாரு பாத்துப்பா? படியில ரெண்டு பேரும் வழுக்கி விழுந்தோம்னு எழுதிக் குடுத்துடுங்க."

தங்கையைப் பார்த்தேன். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். உறிஞ்சுகுழலால் பால் குடிக்க முயன்றுகொண்டிருந்தாள். இடது கையால் கையெழுத்துப் போட்டேன். அவளுக்காகத்தான் போட்டேன் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை. ஜெயிலுக்குப் பயந்து போட்டேன்.

மூன்று மாதம் கழித்து அவள் வேலைக்குக் கிளம்பினாள். அந்த வழியில் போகவே கூடாது என்று அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"இப்பதான்க்கா எனக்கு பயமே விட்டுப்போச்சு" என்றாள். "தினமும் சாயங்காலம் ஒருத்தங்க என் கூடவே வர்றாங்க. கையப் பிடிச்சு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட்டிட்டு வந்து விடுறாங்க. ஏதோ துணிக்கடையில வேலையாம்."

அன்று இரவு அவள் மணிக்கட்டில் நான்கு விரல் தடம் இருந்தது. கருநீலமாக, புதிதாக. அவளுக்கு வலிக்கவில்லை. நான் சொன்ன பிறகுதான் அவளே பார்த்தாள். மறுநாள் முழங்கையில். மருத்துவர் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது பழைய அடி இல்ல, இன்னிக்கு யாரோ இறுக்கிப் பிடிச்சிருக்காங்க" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஒரு நாள் அவளை வெளியே விடாமல் வீட்டைப் பூட்டி வைத்தேன். மாலை ஆறேகாலுக்கு என் கண் முன்னாலேயே, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் தோளில் ஐந்து விரல்களும் ஒவ்வொன்றாகப் பதிந்தன.

எங்கே போய் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு முறை காவல் நிலைய வாசல்வரை போனேன். இரண்டு முறையும் திரும்பி வந்தேன். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். கனம் என் மடியில் இருக்கிறது, அந்த வழியில் நடக்கிறவள் அவள்.

இன்று காலை அவள் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். கழுத்தில் தடம் ஏறியிருந்தது. இத்தனை நாளும் பக்கத்தில் நடந்தவளின் கை பதித்த தடம்தான் இருக்கும். இதில் இரண்டு கட்டைவிரல்களும் தொண்டைக் குழியின்மேல் அழுந்தியிருந்தன. அந்தப் பெண் எதிரே நின்று இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள்.

"இன்னிக்கு போகாதடி. நான் இப்பவே ஸ்டேஷனுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். நீ வீட்லயே இரு" என்றேன்.

"என்னத்த சொல்லப் போற? நேரமாச்சுக்கா, விடு" என்று சிரித்தபடி செருப்பை மாட்டினாள். "அவங்க இன்னிக்கு வாசலுக்கே வந்துட்டாங்க பாரு."

கதவைத் திறந்தாள்.